கால் உளைவுக்கும் ஒரு வரலாறு இருக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியக் காலமை ஐந்தரை மணிக்கு வேலணையில் இருந்து புங்குடுதீவுப் பக்கமாக ஓடத் தொடங்கினேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு ஓடுகிற முதல் ஓட்டம். பள்ளிக்கூடக் காலத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் 1500 மீற்றர் ஓடினவள் நான். பிறகு ஏ.எல், பிறகு கம்பஸ், பிறகு 'நாளைக்குத் தொடங்குவம்' எண்டு சொல்லிச் சொல்லியே மூன்று வருஷம் போயிட்டுது.

வாணர் தாம்போதியில் ஏறினதும் சோளகம் நேரே முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு வடலி கூட இல்லை. காற்றுக்கு எதிராக முன்னுக்குச் சரிந்து, குதிக்கால் நிலத்தில் படாத மாதிரி முன்பாதத்தில் ஓடினேன். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் பிடித்துத் தள்ளியது. வீட்டுக்கு வந்து பிளேன்ரீ குடிக்கும்போது உடம்பில் ஒரு உளைவும் இல்லை. 'பரவாயில்லை, இன்னும் மறக்கேல்ல' எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கள் காலை இரண்டு கெண்டைக்காலும் இறுகிப்போயிருந்தன. செவ்வாய்க்கிழமை நூலகத்தில் இருந்து இறங்கும்போது கைபிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டாக இறங்கினேன். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஏறும்போது அவ்வளவு நோவு இல்லை, இறங்கும்போதுதான் உயிர் போனது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

அன்றைக்கே எனக்கு மூன்று விளக்கங்கள் கிடைத்தன. முன்பு ஓட்டம் பழக்கின பி.ரி. சேரிடம் போனில் கேட்டேன். "இலத்திக்கமிலம் சேர்ந்திட்டுது தங்கச்சி. இன்னொருக்கா நல்லா ஓடினால் கரைஞ்சிடும்" என்றார். கூடப் படிக்கிறவள், "உனக்கு வயசு போட்டுதடி" என்றாள். வீட்டில் அம்மம்மா, "ரெண்டு நாளைக்குப் பிறகுதானே உளைவு தெரியும். நல்லெண்ணெய் பூசிச் சுடுதண்ணி வார், சரியாப் போயிடும்" என்றா.

நான் வரலாறு படிக்கிறவள். ஒரு கூற்றைக் கேட்டால், அது எங்கே தொடங்கியது, யார் சொன்னது, எந்தச் சான்றை வைத்துச் சொன்னது என்று கேட்கத்தான் எங்களைப் பழக்குகிறார்கள். கால் உளைவிடமும் அதே கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம் என்று தேடத் தொடங்கினேன். தேடல் முதலில் கொண்டுபோய் நிறுத்தியது எங்கள் தீவுகளின் பெயர்களில்.

லைடனும் டெல்ஃப்டும்

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். வேலணைத்தீவு லைடன் ஆனது. காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், எழுவைதீவு ஹோர்ன், நெடுந்தீவு டெல்ஃப்ட். இவற்றில் ஆம்ஸ்டர்டாம், மிடல்பேர்க், டெல்ஃப்ட், ரொட்டர்டாம், ஹோர்ன் ஆகிய ஐந்தும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன் கிளைச் சபைகளை வைத்திருந்த நகரங்கள். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதி, 1672இல் ஆம்ஸ்டர்டாமில் புத்தகமாக வரச்செய்த பால்தேயு பாதிரியார் பிறந்த ஊரும் டெல்ஃப்ட்தான். பிறந்த வருஷம் 1632.

அதே 1632இல், அதே டெல்ஃப்டில் பிறந்த இன்னொருவர் அன்ரனி வான் லேவன்ஹூக். துணி வியாபாரி. தானே கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து நுணுக்குக்காட்டி செய்து, கிடைத்ததை எல்லாம் அதற்குக் கீழே வைத்துப் பார்த்தவர். தசையையும் பார்த்தார். தசை என்பது ஒரே கட்டி இல்லை, மெல்லிய நார்களின் கட்டு, அந்த நார்களில் குறுக்குக் குறுக்காக வரிகள் ஓடுகின்றன என்று லண்டன் றோயல் சொசைற்றிக்குக் கடிதம் எழுதினார். அந்த வரிகளின் அர்த்தம் அவருக்குத் தெரியாது. அர்த்தம் தெரிய இன்னும் முந்நூறு வருஷம் செல்ல வேண்டியிருந்தது.

அசல் லைடனில் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த யான் சுவாமர்டாம். அக்காலத்து நம்பிக்கை என்னவென்றால், நரம்பு வழியாக ஏதோ ஒரு 'ஆவி' ஓடிவந்து தசையை ஊதிப் பெருக்க வைக்கிறது, அதனால்தான் தசை சுருங்குகிறது என்பது. சுவாமர்டாம் ஒரு தவளைத் தசையைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து, குழாயின் ஒடுங்கிய வாயில் ஒரு துளி தண்ணீர் விட்டார். நரம்பைத் தூண்டியதும் தசை சுருங்கியது. ஆனால் துளி மேலே எழும்பவில்லை. அப்படியென்றால் தசைக்குள் எதுவும் வந்து நிரம்பவில்லை. சின்னப் பரிசோதனைதான், ஆனால் பல நூற்றாண்டு நம்பிக்கையைக் கவிழ்க்கக்கூடியது. சுவாமர்டாம் உயிரோடு இருந்தபோது அது புத்தகமாக வரவில்லை. 1737-38இல்தான் லைடனில் அச்சானது.

எங்கள் தீவுகளில் வரி கணக்கெடுத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், அந்தப் பெயர்களின் சொந்த ஊர்களில் தசையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் லைடன் தீவில் ஓடிக் கால் உளைந்த ஒருத்தி, உளைவின் கதையைத் தேடிப் போய் அசல் லைடனில் இறங்கினால், ஒரு நிமிஷம் சிரிக்காமல் இருக்க முடியாது.

அமிலம் எப்படி உள்ளே வந்தது?

இலத்திக்கமிலத்தை முதலில் பிரித்தெடுத்தவர் சுவீடன் மருந்தாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, 1780இல். எங்கேயிருந்து? புளித்த பாலில் இருந்து. தசைக்கும் அதற்கும் அப்போது ஒரு சம்பந்தமும் இல்லை. 1807 அளவில் இன்னொரு சுவீடன்காரர், பெர்சீலியஸ், அதைத் தசையில் கண்டார். வேட்டையில் துரத்திக் களைத்த மானின் தசையில் அது கூடுதலாக இருந்ததாக அவர் கருதினார் என்றும் சொல்வார்கள். 'களைப்பு = அமிலம்' என்ற சமன்பாட்டின் முதல் வரி இது.

1907இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெச்சரும் ஹொப்கின்ஸும் தவளைத் தசையை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒட்சிசன் இல்லாமல் தசையைக் களைக்கவைத்தால் இலத்திக்கமிலம் சேர்கிறது, ஒட்சிசன் கொடுத்தால் மறைகிறது. பிறகு ஆர்ச்சிபால்ட் ஹில்லும் ஒட்டோ மேயர்ஹோஃபும் இதை மேலே கொண்டு போனார்கள். இருவருக்கும் சேர்த்து 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஹில் தானே ஓட்டக்காரர். தன்னையும் தன் கூட்டாளிகளையும் ஓடவிட்டு மூச்சை அளந்து, 'ஒட்சிசன் கடன்' என்ற கருத்தைக் கொண்டுவந்தார்.

இடையில் ஒரு விஷயம். மேயர்ஹோஃப் யூதர். ஹிட்லர் காலத்தில், 1938இல், ஹைடல்பேர்க்கில் இருந்த தன் ஆய்வுகூடத்தை விட்டுப் பாரிசுக்குப் போனார். 1940இல் ஜேர்மன் படை அங்கேயும் வர, ஸ்பெயின் வழியாகத் தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அகதி அறிஞர்களுக்கு உதவ 1933இல் பிரித்தானியாவில் தொடங்கிய சபையை உருவாக்கியவர்களில் ஹில்லும் ஒருவர். தசையின் இரசாயனத்துக்குள்ளும் ஒரு இடப்பெயர்வுக் கதை கிடக்கிறது.

சரி, இவர்கள் பிழை விட்டார்களா? அப்படிச் சொல்ல முடியாது. அவர்கள் அளந்தது ஓடிக்கொண்டிருக்கும்போது, அல்லது ஓடி முடித்த உடனே தசையில் நடப்பதை. மூன்றாம் நாள் உளைவைப் பற்றி அந்தப் பரிசோதனைகள் பேசவே இல்லை. ஓட்டத்தின்போது வரும் களைப்பையும் இரண்டு நாள் கழித்து வரும் உளைவையும் ஒன்றாக்கியது பிறகு வந்தவர்கள். நோபல் பரிசு வாங்கின அமிலம் மைதானத்துக்கு இறங்கி, பயிற்றுநர்களின் வாயில் ஏறி, 'உளைவு = அமிலம்' ஆகிவிட்டது. ஓடி முடித்து ஒரு மணித்தியாலம் போல ஆகும்போது இரத்தத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக் காலை சேர்ந்த அமிலம் செவ்வாய்க்கிழமை நூலகப் படிக்கட்டில் என்னைப் பிடிக்க வழியே இல்லை. போதாததுக்கு, 1980களில் ஜோர்ஜ் புரூக்ஸ் போன்றவர்கள், அது வெறும் கழிவு இல்லை, உடம்பு திரும்பவும் எரிபொருளாகப் பயன்படுத்துவது என்று காட்டிவிட்டார்கள்.

1902இல் சொன்னவர்

என்னை ஆச்சரியப்படுத்தியது இதுதான். சரியான பதிலுக்குக் கிட்டப் போன ஒருவர், நோபல் பரிசுக்கு இருபது வருஷத்துக்கு முதலே அதை எழுதிவிட்டார். அமெரிக்கரான தியடோர் ஹஃப். 1902இல், விரலால் பாரத்தை இழுக்க வைத்து அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டு, தசை உளைவை ஆராய்ந்தார். வேலை செய்யும்போதே வரும் நோவு வேறு, பல மணித்தியாலம் கழித்து வரும் நோவு வேறு என்று பிரித்தார். இரண்டாவது வகைக்குக் காரணம் தசைக்குள் ஏற்படும் சின்னச் சின்னக் கிழிவுகளாக இருக்க வேண்டும் என்று எழுதினார். பழக்கப்படாத தசைக்குத்தான் அது வருகிறது, பழகினால் குறைகிறது என்பதையும் கவனித்தார்.

1950களில் டென்மார்க்கின் எர்லிங் அஸ்முசன் படி ஏறி இறங்க வைத்துப் பார்த்தார். உடம்பை மேலே தூக்கின காலுக்கு அல்ல, கீழே இறக்கின காலுக்குத்தான் உளைவு. என்னுடைய நூலகப் படிக்கட்டு இங்கேதான் வருகிறது. தசை இரண்டு விதமாக வேலை செய்யும். ஏறும்போது சுருங்கிக்கொண்டு இழுக்கும். இறங்கும்போது, நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும். கிணற்றில் வாளியைக் கயிற்றால் மெல்ல மெல்ல இறக்குகிற மாதிரி: கை இழுத்துப் பிடித்திருக்கும், ஆனால் கயிறு கீழே போய்க்கொண்டிருக்கும். இந்த இரண்டாவது வேலைதான் தசை நாரைக் கூடுதலாகப் பாதிக்கும்.

1981இல் சுவீடனின் ஊமேயோ நகரத்தில் யான் ஃப்ரிடேனும் கூட்டாளிகளும் ஆட்களைப் படிக்கட்டில் திரும்பத் திரும்ப இறங்கி ஓடவிட்டு, உளைகிற கெண்டைக்காலில் இருந்து துளித் தசை எடுத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். லேவன்ஹூக் கண்டாரே, அந்தக் குறுக்கு வரிகள், அவை சில இடங்களில் நேர்கோடு தப்பிக் குழம்பிக் கிடந்தன. டெல்ஃப்டில் தொடங்கின பார்வை கெண்டைக்காலில் வந்து முடிந்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1983இல், ஜேம்ஸ் ஷ்வேன் குழு அமிலக் கதையை நேராகவே சோதித்தது. ஒரே ஆட்கள். ஒருநாள் சமதரையில் 45 நிமிடம், இன்னொருநாள் சரிவில் கீழ்நோக்கி 45 நிமிடம். சமதரையில் ஓடினபோது அமிலம் ஏறியது, பிறகு உளைவு இல்லை. சரிவில் ஓடினபோது அமிலம் பெரிதாக ஏறவில்லை, ஆனால் பிறகு நல்ல உளைவு. இதற்குப் பிறகும் நாற்பது வருஷமாகப் பழைய விளக்கம் மைதானங்களில் உயிரோடு இருக்கிறது.

கிழிவு மட்டும்தான் முழுப் பதில் என்றும் இல்லை. கிழிவின் அளவும் நோவின் அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கிழிவைச் சீராக்க உடம்பு செய்கிற வேலையில் வரும் வீக்கமும், அதனால் கூர்மையாகும் நரம்பு முனைகளும் சேர்ந்துதான் அந்த உளைவு. அதனால்தான் அது பிந்தி வருகிறது, 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்குப் போகிறது, பிறகு தானாக அடங்குகிறது.

அம்மம்மாவின் மூன்றாம் நாள்

இவ்வளவும் வாசித்துவிட்டு அம்மம்மாவிடம் போனேன். "ரெண்டு நாளைக்குப் பிறகுதான் தெரியும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தொண்ணூற்றஞ்சு" என்றா.

1990இல் இராணுவம் தீவுப்பகுதிக்குள் வந்தபோது எங்கள் குடும்பம் வேலணையை விட்டு யாழ்ப்பாணம் டவுனுக்கு ஓடியது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுக்க வெளியேறியபோது அங்கிருந்தும் கிளம்ப வேண்டியிருந்தது. லட்சக்கணக்கான சனம் ஒரே வீதியில், நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு. அம்மம்மா தலையில் ஒரு மூட்டையும் இடுப்பில் என் மாமாவுமாக இரவிரவாக மழைக்குள் நடந்திருக்கிறா. கொஞ்சம் நகரும், பிறகு மணிக்கணக்காக நிற்கும், பிறகு கொஞ்சம் நகரும்.

"நடக்கேக்க ஒண்டும் தெரியேல்ல பிள்ளை. அடுத்த நாளும் பெரிசாத் தெரியேல்ல. ஒரு பள்ளிக்கூடத்திலதான் இருந்தனாங்கள். மூண்டாம் நாள் விடிய எழும்ப ஏலாது. எனக்கு மட்டுமில்லை, அந்த ஹோல் முழுக்க ஒருதராலயும் எழும்ப ஏலாது. எல்லாரும் சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்தவை. அதைப் பாத்துச் சின்னனுகள் சிரிச்சதுகள். நாங்களும் சிரிச்சனாங்கள். வந்தாப் பிறகு முதல் சிரிச்சது அண்டைக்குத்தான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாம் வருஷத்தில் வாய்மொழி வரலாற்றுப் பாடத்துக்காக இதே அம்மம்மாவை இதே இடப்பெயர்வைப் பற்றி நான் பேட்டி எடுத்திருக்கிறேன். திகதி, பாதை, எத்தனை பேர், எங்கே தங்கினது எல்லாம் எழுதினேன். கால் உளைந்ததை அப்போதும் சொல்லியிருக்கிறா. ஒலிப்பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன், இருக்கிறது. நான்தான் அதை 'வரலாறு இல்லை' என்று விட்டுவிட்டேன். ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் மூன்றாம் நாள் ஒரேயடியாக எழும்ப முடியாமல் போனது, எத்தனை மணித்தியாலம், எவ்வளவு பாரத்தோடு, எந்தப் பழக்கமும் இல்லாமல் நடந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று. ஹஃப் ஒரு விரலை வைத்துக் கண்டதை, அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் தங்கள் கால்களை வைத்துக் கண்டிருக்கிறார்கள்.

அப்ப என்ன செய்யிறது?

ஓட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு, இந்த வரலாற்றில் இருந்து எடுக்கக்கூடியவை இவை.

முதலாவது, உளைவை 'ஓடிக் கரைக்க' வேண்டியதில்லை. கரைக்க அங்கே அமிலம் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஓடின ஒருத்தி, கால் உளைந்து நொண்டிய நாளில் "கரையும் வரைக்கும் ஓடு" என்று மேலும் ஐந்து சுற்று ஓடவைக்கப்பட்டாள். கெண்டைக்கால் சதை பிடித்து விழுந்தாள். அதற்குப் பிறகு அவள் மைதானத்துக்கே வரவில்லை. என்னைவிட நல்லா ஓடினவள். பிழையான விளக்கத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டால், எனக்கு அவளின் முகம்தான் வரும். உளைகிற நாட்களில் மெல்லிய நடை, சைக்கிள் நல்லது. இறுக்கம் கொஞ்சம் இளகும்.

இரண்டாவது, உடம்பு பழகும். ஒருமுறை உளைந்த தசை, அதே வேலையை ஓரிரு கிழமை கழித்துச் செய்யும்போது மிகக் குறைவாகத்தான் உளையும். இந்தப் பாதுகாப்பு கிழமைக் கணக்கில் நிற்கும். ஆனால் என்னைப் போல மூன்று வருஷம் விட்டால் போய்விடும். மனம் பழைய வேகத்தை ஞாபகம் வைத்திருக்கும், கெண்டைக்கால் வைத்திராது. ஆகவே, ஒரு நிமிஷம் ஓடி இரண்டு நிமிஷம் நடந்து தொடங்குங்கோ. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். எங்கள் பக்கம் கடற்கரை மணலிலும் வெறுங்காலோடும் ஓடுவது வழக்கம். அவை கெண்டைக்காலுக்குக் கூடுதல் வேலை கொடுக்கும், முதல் கிழமைகளில் வேண்டாம். சோளகத்துக்கு எதிரே முன்பாதத்தில் ஓடின என் முதல் நாளும் அப்படித்தான்.

மூன்றாவது, ஓட முதலும் பிறகும் தசையை இழுத்து நீட்டுவது உளைவைத் தடுக்கும் என்று நம்புகிறோம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 100 புள்ளி நோவு அளவில் அதனால் குறைந்தது சில புள்ளிகள்தான். செய்யலாம், பிழையில்லை, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நல்லெண்ணெயும் சுடுதண்ணியும் அப்படித்தான்: சுகமாக இருக்கும், தடவுகிற கை அம்மம்மாவுடையது என்றால் இன்னும் சுகம்.

நான்காவது, எல்லா நோவும் உளைவு இல்லை. ஓடும்போதே 'டப்' என்று அடித்த மாதிரி வந்த நோவு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் சிவப்பும், கடும் உளைவோடு சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போவது, இவற்றில் எது இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போங்கோ. நெடுந்தீவிலோ அனலைதீவிலோ இருக்கிறவர்கள், 'நாளைக்குப் படகில போவம்' என்று தள்ளிப்போட வேண்டாம்.

நான் திரும்பவும் ஓடுகிறேன். மூன்றாம் கிழமை ஆகிறது. தாம்போதியின் பாதி வரைக்கும் ஓடி நடந்து போய்த் திரும்பி வருகிறேன். உளைவு இருக்கிறது, படி இறங்க முடியாத அளவுக்கு இல்லை. பி.ரி. சேரிடம் 1983 ஆய்வைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்களுக்கும் அப்பிடித்தான் சொல்லித் தந்தவை" என்றார். அதுவும் உண்மைதான்.

அந்தப் பேட்டிக் கட்டுரையைத் திரும்ப எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூன்றாம் நாள் காலையில் இருந்து தொடங்குகிறது.